அலக்நந்தா: படத்துக்குக் கீழே அச்சாக வேண்டிய விவரங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயினும் யோகேஷ் வடதேகரும் கண்டறிந்த அலக்நந்தா என்ற சுருள் வடிவ விண்மீன் திரளைப் பற்றித் தங்கள் நாளிதழ் படத்தோடு செய்தி வெளியிட்டதற்கு நன்றி. இந்திய ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பு முதல் பக்கத்துக்கு வருவதே அபூர்வம். ஆனால் அந்தச் செய்தியில் இருந்த மூன்று தொடர்களைத் திருத்தியாக வேண்டும். '1,200 கோடி ஒளியாண்டு தொலைவில்', 'உலகம் இதுவரை கண்டதிலேயே மிகத் தொலைவான சுருள்', 'வேகமாகச் சுழலும்' என்பவை அவை. முதலாவது குழப்பமானது, இரண்டாவது தவறு, மூன்றாவதை இன்னும் யாரும் அளக்கவில்லை. இவற்றை மாணவர்கள் அப்படியே வினாடி வினாவுக்கு மனப்பாடம் செய்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தொலைவு. அலக்நந்தாவின் செம்பெயர்ச்சி சுமார் 4.05. அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது இருந்த அலைநீளம், நம்மிடம் வந்து சேரும்போது 5.05 மடங்கு நீண்டிருக்கிறது என்று பொருள். பிரபஞ்சம் அன்றிலிருந்து அத்தனை மடங்கு விரிந்திருக்கிறது. ஒளி பயணம் செய்த காலம் சுமார் 1,230 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்பதால், பெருவெடிப்புக்கு 150 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் திரள் எப்படி இருந்ததோ அதைத்தான் பார்க்கிறோம். இதைத் 'தொலைவு' என்று எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒளி கிளம்பிய கணத்தில் அந்தத் திரள் நம்மிடமிருந்து ஏறக்குறைய 470 கோடி ஒளியாண்டு தள்ளியிருந்தது. வழியெல்லாம் வெளி விரிந்துகொண்டே வந்ததால் இன்று அது சுமார் 2,400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. எனவே '1,230 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி' என்று எழுதினால் போதும். அது பிழையில்லாதது, எவருக்கும் விளங்கும்.

அந்த 4.05 எப்படிக் கிடைத்தது என்பதுதான் செய்தியில் விடுபட்ட முக்கியமான பகுதி. வழக்கமாகத் திரளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, ஹைட்ரஜன், ஆக்சிஜன் கோடுகள் எந்த அலைநீளத்துக்கு நகர்ந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். அலக்நந்தா ஆய்வுக்கட்டுரை 2025இல் வெளியானபோது அப்படி ஒரு நிறமாலை எடுக்கப்பட்டிருக்கவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் உள்ளே விடும் 21 வடிகட்டிகள் வரை மாற்றி மாற்றி எடுத்த படங்களில், ஒவ்வொன்றிலும் திரள் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று அளந்தார்கள். அந்த எண்களின் வரிசையோடு கணினி மாதிரிகளைப் பொருத்திச் செம்பெயர்ச்சியைக் கணித்தார்கள். இதற்கு ஒளியளவைச் செம்பெயர்ச்சி என்று பெயர்.

இந்தப் பொருத்தத்துக்கு இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று, ஒளியில் விழும் படிகள். வழியிலுள்ள ஹைட்ரஜன் வாயு, புறஊதாவில் 1,216 ஆங்ஸ்ட்ராமுக்குக் (அலைநீள அலகு; 10,000 ஆங்ஸ்ட்ராம் ஒரு மைக்ரான்) கீழே உள்ள ஒளியைப் பெருமளவு உறிஞ்சிவிடும். 912க்குக் கீழே கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சாது. 5.05ஆல் பெருக்கினால் இந்த இரண்டு படிகளும் நமக்கு 6,140இலும் 4,600இலும் தெரியும். அதனால் இந்தத் தொலைவிலுள்ள எந்தத் திரளும் நீல வடிகட்டியில் காணாமல் போய், சிவப்பில் மட்டும் இருக்கும். இன்னொரு பிடி, ஒளிர்கோடுகள். புது விண்மீன்களைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் வாயு 6,563 ஆங்ஸ்ட்ராமில் ஹைட்ரஜன் ஆல்பா எனும் சிவப்புக் கோட்டை வீசும். 5.05 மடங்கு நீண்டால் அது 3.31 மைக்ரானுக்கு வந்துவிடும். வெப்பின் எஃப்335எம் என்ற நடுத்தர அகல வடிகட்டி சரியாக இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வடிகட்டிகளான எஃப்300எம், எஃப்360எம் இரண்டிலும் இல்லாத கூடுதல் வெளிச்சம் எஃப்335எம் படத்தில் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், கோடு அங்கேதான் இருக்கிறது. அதேபோல இரட்டை அயனியாக்கம் பெற்ற ஆக்சிஜனின் 5,007 ஆங்ஸ்ட்ராம் கோடு 2.53 மைக்ரானில், எஃப்250எம் வடிகட்டிக்குள் விழும். இரண்டு கோடுகளும் ஒரே செம்பெயர்ச்சியைச் சுட்டினால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. நிறமாலைமானி இல்லாமலே வடிகட்டிகளால் முரட்டுத்தனமான ஒரு நிறமாலையைக் கட்டிவிடுகிறார்கள் என்று சொல்லலாம்.

இதில் தவறு நேராது என்றில்லை. வெப் இயங்கத் தொடங்கிய 2022ஆம் ஆண்டிலேயே ஒரு பாடம் கிடைத்தது. சீர்ஸ்-93316 என்ற பொருளுக்கு அகல வடிகட்டிகளை மட்டும் வைத்து 16க்கும் மேல் செம்பெயர்ச்சி கணித்தார்கள். அடுத்த ஆண்டு நிறமாலை எடுத்தபோது அது வெறும் 4.9 என்று தெரிந்தது. வலுவான ஒளிர்கோடுகள் ஒரே சமயத்தில் பல அகல வடிகட்டிகளில் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு, மிகத் தொலைவான திரளின் நிறத்தைப் போலவே காட்டியிருந்தன. கிட்டத்தில் இருக்கும் வயதான, தூசு படிந்த திரளின் 4,000 ஆங்ஸ்ட்ராம் படியைத் தொலைவான திரளின் புறஊதாப் படியாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும் பிழை. அலக்நந்தா விஷயத்தில் நடுத்தர வடிகட்டிகள் நெருக்கமாக இருந்ததால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது. செம்பெயர்ச்சியில் 0.05 தவறினாலும் 'பெருவெடிப்புக்குப் பின் 150 கோடி ஆண்டுகள்' என்ற எண் இரண்டு கோடி ஆண்டு அளவுக்குத்தான் முன்பின் நகரும். ஆகவே காலக்கணக்கை நம்பலாம். ஆனால் அது வடிகட்டிகளால் வந்த கணக்கு என்பதைச் செய்தி சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து, செய்தியில் ஒரே வரியில் கடந்துபோன ஈர்ப்பு வில்லை. அலக்நந்தா இருக்கும் திசையில், அதற்கு வெகு முன்னால், ஏபெல் 2744 என்ற திரள் கொத்து இருக்கிறது. அதன் ஈர்ப்பு பின்னாலுள்ள பொருள்களின் ஒளியை வளைத்து, அலக்நந்தாவைச் சுமார் இரண்டு மடங்கு பிரகாசமாகக் காட்டுகிறது. இந்த உருப்பெருக்கம் எந்த எண்ணைத் தொடும், எதைத் தொடாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஈர்ப்பு எல்லா அலைநீளங்களையும் ஒரே அளவுதான் வளைக்கும். எனவே நிறம் மாறாது. நிறத்திலிருந்து வரும் செம்பெயர்ச்சியும் வயதும் மாறாது. ஆனால் நிறையும், புது விண்மீன்கள் பிறக்கும் வேகமும் மொத்த ஒளியிலிருந்து வருபவை. அவற்றை உருப்பெருக்கத்தால் வகுத்தே தீர வேண்டும். விட்டத்தையும் திருத்த வேண்டும். உருப்பெருக்கம் தவறினால் இந்த மூன்றும் சேர்ந்தே தவறும். வில்லையாகும் கொத்தினால் ஒரு தொல்லையும் உண்டு. அதன் பெரிய திரள்களின் மங்கலான வெளிவிளிம்பு ஒளி, பின்னாலுள்ள பொருளின் மேல் பரவிக் கிடக்கும். அதை மாதிரி கட்டிக் கழித்துவிட்டுத்தான் பின்னணிப் பொருளை அளக்க முடியும்.

இனி படம். அலக்நந்தாவின் வட்டு சுமார் 30,000 ஒளியாண்டு குறுக்களவு கொண்டது. வானத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்). ஒரு ரூபாய் நாணயத்தை மூன்று கிலோமீட்டர் தள்ளி வைத்தால் தெரியும் அளவு அது. நம் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. ஆனால் தரையிலிருந்து பார்க்கும்போது காற்றின் அசைவே ஒவ்வொரு புள்ளியையும் ஒன்று, இரண்டு ஆர்க் செகண்டுக்குப் பரப்பிவிடும். முழுத் திரளும் ஒரு பொட்டாகிவிடும். விண்வெளியில் 6.5 மீட்டர் ஆடியுள்ள வெப், 2 மைக்ரான் அலைநீளத்தில் 0.06 ஆர்க் செகண்ட் வரை பிரித்துக் காட்டும். வட்டின் குறுக்கே இருபதுக்கு மேற்பட்ட தனித்தனிப் புள்ளிகள் கிடைக்கும். சுருள் கரங்களைக் கண்டுகொள்ள அது போதும்.

அப்படியானால் ஹபிள் ஏன் இத்தகைய சுருள்களைக் காட்டவில்லை? ஹபிள் சுமார் 1.7 மைக்ரானுக்கு மேல் பார்க்காது. 4.05 செம்பெயர்ச்சியில் அது திரளின் 3,400 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழான புறஊதா ஒளி மட்டுமே. புறஊதாவில் புதிதாய்ப் பிறந்த விண்மீன்களின் கொத்துகள் மட்டும் பளிச்சிடும். ஒழுங்கான வட்டுகூட அங்கொன்றும் இங்கொன்றுமான திட்டுகளாகத் தோன்றும். வெப் 4.4 மைக்ரானில் எடுக்கும் படம் அதே திரளின் 8,700 ஆங்ஸ்ட்ராம் ஒளி. மூத்த விண்மீன்களும் வட்டின் உண்மையான வடிவமும் அங்கேதான் தெரியும். இதோடு இன்னொரு தடையும் சேர்கிறது. தொலைவான பொருளின் பரப்புப் பிரகாசம், அதாவது வானத்தில் ஒரே அளவு பரப்பிலிருந்து வரும் ஒளி, அலைநீளம் நீண்ட மடங்கின் நான்காம் அடுக்கு அளவுக்கு விழுந்துவிடும். 5.05ஐ நான்கு முறை எழுதிப் பெருக்கிப் பாருங்கள்: 650. பக்கத்தில் இருக்கும்போது எளிதாகத் தெரியும் கரம் 650 மடங்கு மங்கிப் பின்னணி இரைச்சலுக்குள் போய்விடும். முற்காலத்தில் சுருள்களே இல்லை என்று பலகாலம் நினைத்ததற்கு இந்த இரண்டும் பெரிய காரணங்கள்.

தங்கள் படத்திலிருந்த நிறங்கள் மனிதக் கண்ணுக்குத் தெரிபவை அல்ல என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். குறுகிய அகச்சிவப்புக்கு நீலம், நடுவிலுள்ளதற்குப் பச்சை, நீண்டதற்குச் சிவப்பு என்று பிறகு பூசப்பட்டவை அவை. இப்படிச் சேர்ப்பதற்கு முன் ஒரு வேலை கட்டாயம். 4.4 மைக்ரான் படத்தின் மங்கல் சுமார் 0.14 ஆர்க் செகண்ட். 2 மைக்ரான் படத்தில் அதில் பாதிகூட இல்லை. கூர்மையான படங்களை எல்லாம் மங்கலான படத்தின் அளவுக்கு மழுக்கிச் சமப்படுத்திய பிறகே நிறத்தை அளக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் ஒவ்வொரு கரத்தின் ஓரத்திலும் இல்லாத சிவப்பு வளையம் முளைக்கும். பார்ப்பவர் அதைத் தூசு என்றோ வயதான விண்மீன்கள் என்றோ எழுதிவிடுவார்.

கரம் உண்மையான கரம்தானா என்பதற்கும் சோதனை உண்டு. நடுப்புடைப்புக்கும் வழவழப்பான வட்டுக்கும் கணித மாதிரி கட்டி, அதைப் படத்திலிருந்து கழிப்பார்கள். எஞ்சுவதில் கரங்கள் தனியாக நிற்கும். பிறகு படத்தை 180 பாகை திருப்பி மூலத்தோடு ஒப்பிடுவார்கள். இரண்டு கரமுள்ள ஒழுங்கான சுருள் திருப்பினாலும் தன்மேல் தானே பொருந்தும். மோதலில் பிய்ந்துவந்த வால் அப்படிப் பொருந்தாது. அலக்நந்தாவில் பிரகாசமான நடுப்புடைப்பும், அதைச் சுற்றிய சமச்சீரான இரு கரங்களும், கரங்களின் மேல் நூலில் கோத்த மணிகள்போலப் புது விண்மீன் பிறக்கும் திட்டுகளும் இருக்கின்றன. ஆய்வாளர்கள் துணிந்து சுருள் என்று சொன்னது இந்தச் சமச்சீரின் பலத்தில்.

எண்களில் மிகவும் பயன்படுபவை மூன்று. திரளில் ஆண்டுக்குச் சுமார் 60 சூரியன் அளவுக்குப் புது விண்மீன்கள் பிறக்கின்றன. நம் பால்வெளியைப் போல 20 முதல் 30 மடங்கு. விண்மீன்களின் மொத்த நிறை 1,000 கோடி சூரியன்களுக்கு மேல். பாதி விண்மீன்கள் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்குள் பிறந்தவை. இவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 60ஐ 20 கோடியால் பெருக்கினால் 1,200 கோடி. அதே தரத்தில்தான் மொத்த நிறையும் இருக்கிறது. ஆனால் இந்த 20 கோடி என்ற எண்ணைச் செம்பெயர்ச்சி அளவுக்கு உறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இளம் விண்மீன்கள் மிகப் பிரகாசமானவை என்பதால், அவற்றின் வெளிச்சத்தில் மூத்தவை மறைந்துபோகும். மறைந்திருப்பதைச் சேர்த்தால் வயதும் நிறையும் கூடும். தூசு எவ்வளவு, பெரிய விண்மீன்களுக்கும் சிறியவற்றுக்கும் என்ன விகிதம் என்று மாதிரியில் எடுத்துக்கொள்ளும் ஊகங்களும் நிறையை மாற்றும். இவை மாதிரியிலிருந்து வரும் எண்கள் என்று எழுதுவதால் கண்டுபிடிப்பின் மதிப்பு ஒரு துளியும் குறையாது.

'மிகத் தொலைவான சுருள்' என்பதற்கு வருகிறேன். பிஆர்ஐ 1335-0417 என்ற திரளில் சுருள் போன்ற அமைப்பை, ஆல்மா ரேடியோ தொலைநோக்கிகளின் தரவில் டக்காஃபுமி சுகுய், சடோரு இகுச்சி இருவரும் 2021இலேயே காட்டினார்கள். அதன் செம்பெயர்ச்சி 4.41. 2025இல் அறிவிக்கப்பட்ட ஜூலாங், 5.2 அளவில், இன்னும் முற்பட்டது. அலக்நந்தாவின் சிறப்பு வேறு. இத்தனை முற்காலத்தில், இவ்வளவு தெளிவான இரு கரங்களுடன், புறஊதா முதல் அகச்சிவப்பு வரை இத்தனை வடிகட்டிகளில் நுணுக்கமாகப் பார்க்க முடிந்த சுருள் அரிது. அதைச் சொன்னாலே பெருமைதான். சாதனைப் பட்டியலில் ஏற்றுவதற்காகப் பொய்யான முதலிடம் தேவையில்லை.

கடைசியாக, சுழற்சி. சுருள் வடிவம் இருந்தால் சுழலத்தான் செய்யும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் வட்டு எவ்வளவு வேகமாக, எவ்வளவு அமைதியாகச் சுழல்கிறது என்பதே இப்போதைய பெரிய கேள்வி. அமைதியான, மெல்லிய வட்டாக இருந்தால் கரங்கள் வட்டுக்குள் நெரிசல்போலச் சுற்றிவரும் அடர்த்தி அலைகளாலோ அருகிலுள்ள சிறு திரளின் இழுப்பாலோ வந்திருக்கலாம். கொந்தளிக்கும் தடித்த வட்டாக இருந்தால் இத்தனை நேர்த்தியான கரங்கள் எப்படி நிலைத்தன என்று விளக்கியாக வேண்டும். இதற்கு வெப்பின் நிர்ஸ்பெக் கருவியில் வழி இருக்கிறது. மூன்றுக்கு மூன்று ஆர்க் செகண்ட் பரப்பை 0.1 ஆர்க் செகண்ட் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி நிறமாலை எடுக்கும். ஒரு கட்டம் அங்கே சுமார் 2,300 ஒளியாண்டு. ஹைட்ரஜன் ஆல்பா கோடு ஒரு பக்கம் சற்று நீலமாகவும் எதிர்ப்பக்கம் சற்றுச் சிவப்பாகவும் நகர்ந்திருந்தால் சுழற்சி வேகம் கிடைத்துவிடும். கோட்டின் அகலம் கொந்தளிப்பைச் சொல்லும். அந்தக் கருவி கோட்டைத் தானாகவே நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் அளவுக்கு அகலமாக்கிவிடும் என்பதால், அமைதியான வட்டின் 20, 30 கிலோமீட்டர் கொந்தளிப்பைப் பிரித்தெடுக்க மிகுந்த கவனம் வேண்டும்.

ஆல்மாவில் குளிர்ந்த வாயுவைத் தேடலாம். அங்கே ஒரு விசித்திரமான இடையூறு உண்டு. வழக்கமாகத் தேடும் அயனியாக்கம் பெற்ற கார்பன் கோட்டின் அதிர்வெண் சுமார் 1,900 கிகாஹெர்ட்ஸ். 5.05ஆல் வகுத்தால் 376. ஆல்மாவின் ஏழாவது பட்டை 373இல் முடிகிறது, எட்டாவது 385இல்தான் தொடங்குகிறது. நடுவில் 380இல் வளிமண்டல நீராவி உறிஞ்சுகிறது. செம்பெயர்ச்சி 4.05 என்பது சரியாக இருந்தால் அந்தக் கோடு இந்த இடைவெளிக்குள் விழுந்து தப்பிவிடும். கார்பன் மோனாக்சைடு கோடுகளில் ஒன்று 91 கிகாஹெர்ட்ஸில் வரும். அதைத் தேடலாம், ஆனால் அது மங்கலானது, அதிக நேரம் பிடிக்கும். செம்பெயர்ச்சியைத் துல்லியமாக்கும் நிறமாலை ஏன் முதலில் வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

நம் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு விஷயம். ராஷி ஜெயின் முனைவர் பட்ட ஆய்வாளர். ஏபெல் 2744 பகுதியை வெப் படமெடுத்த அன்கவர் ஆய்வின் தரவில் ஏறக்குறைய 70,000 பொருள்களைச் சலித்து இதைக் கண்டெடுத்தார். அந்தப் படங்களும் அட்டவணைகளும் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் அட்டவணையைத் திறந்து, செம்பெயர்ச்சி 3 முதல் 5 வரையுள்ள பிரகாசமான பொருள்களை மட்டும் வடிகட்டலாம். அளவீடு கெட்டுப்போனவை என்று குறியிடப்பட்டவற்றை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பாதி நாள் படத்தின் விளிம்புக் கோளாறுகளைப் பார்ப்பதிலேயே போய்விடும். முழுப் படங்கள் மிகப் பெரியவை. கல்லூரிக் கணினி திணறும். எனவே ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் ஐந்தாறு ஆர்க் செகண்ட் துண்டை மட்டும் வெட்டி, டிஎஸ்9 மென்பொருளில் மடக்கை அளவீட்டில் பார்க்க வேண்டும். நேர் அளவீட்டில் நடுப்புடைப்பு மட்டும் எரியும், கரங்கள் தெரியாது. ஒரே பொருளை இரண்டு மாணவர்கள் ஒருவர் சொன்னதை மற்றவர் அறியாமல் வகைப்படுத்தினால், ஆசைப்பட்டுக் கரம் காண்பது குறையும். ஒரு பருவத் தேர்வுக்கான செயல்திட்டத்துக்கு இது தாராளமாகப் போதும்.

இனி விண்மீன் திரள் படம் வெளியிடும்போது அதன் கீழே, எந்த வடிகட்டிகளுக்கு எந்த நிறம் பூசப்பட்டது, செம்பெயர்ச்சி எவ்வளவு, அது நிறமாலையால் வந்ததா வடிகட்டிகளால் வந்ததா என்ற விவரங்களைச் சிறிய எழுத்தில் இரண்டு வரியாவது அச்சிடக் கேட்டுக்கொள்கிறேன். அலக்நந்தாவுக்கு நிறமாலை எடுத்த செய்தி வரும் நாளில், பழைய 4.05ஐயும் புதிய எண்ணையும் அருகருகே போடுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை